இடம்பெயர்ந்த தலைநகரின் பாதை: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் காண வேண்டியவை

கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே தலைநகர் வரை நீள்கின்றன. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதியைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தபடி கடந்துவிடுகின்றனர். பத்மநாபபுரம் அரண்மனையும் பத்மநாபசுவாமி கோயிலும் அவர்களது பயணத் திட்டத்தில் தவறாமல் இடம்பெறும். அவ்விரண்டையும் இணைக்கும் பாதைக்கு அதில் இடம் இருப்பதில்லை.

திருவிதாங்கூர் அரசின் தலைநகர் 1795ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. அரசவையும் அலுவலகங்களும் படையும் விழாக்களும் இந்தப் பாதையில்தான் வடக்கு நோக்கி நகர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது பழைய தலைநகர் அன்றைய சென்னை மாநிலத்திலும், புதிய தலைநகர் கேரளத்திலும் சேர்ந்தன. இவற்றுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்துக்கு உட்பட்ட விழிஞம் ஆய் மன்னர்களின் தலைநகராக விளங்கியது. மூன்று தலைநகரங்களின் சுவடுகளை ஒரே நாளில் தொட்டுவரக்கூடிய நிலப்பகுதி தென்னிந்தியாவில் அரிது.

எல்லைக்கோடும் அது பிரிக்காதவையும்

தமிழர்கள் வாழும் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியபோது, அந்தப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த போராட்டத்தில் காவல் துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உயிரிழப்புகள் நேர்ந்தன. பின்னர் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவை தொடர்பான கோரிக்கையை மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. விளவங்கோடு வட்டத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்துக்கும் இடையே கோடு விழுந்தது இப்படித்தான்.

கோடு விழுந்த பின்னரும் கணக்குகள் முழுமையாகத் தீரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதன் நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே உள்ளது. கோயில்களுக்கான பொறுப்பு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அதன் 290அ பிரிவின்படி, திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுதோறும் 46.50 லட்சம் ரூபாயும், மாற்றப்பட்ட பகுதிகளில் உள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13.50 லட்சம் ரூபாயும் வழங்க வேண்டும். தனிப்பட்ட ஒரு நிலப்பகுதியின் கோயில்களுக்கான தொகை அரசியலமைப்பில் எண்ணிட்டு எழுதப்பட்டிருப்பது அபூர்வமான செய்தியாகும்.

எல்லையின் இருபுறமும் இரு மொழிகளும் புழங்குகின்றன. களியக்காவிளைச் சந்தையில் விலை பேசுவோர் எந்த மொழியில் தொடங்கி எந்த மொழியில் முடிக்கிறார்கள் என்று கவனிப்பதே ஒரு சுவையான பொழுதுபோக்கு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் தாய்மொழியிலேயே அரசுக்கு எழுத வழிவகை செய்துள்ளது.

தெய்வங்கள் கடக்கும் எல்லை

இந்தப் பாதையை அதன் முழுப் பொலிவோடு காண விரும்புவோர் புரட்டாசியில், நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் வர வேண்டும். தலைநகர் இடம்பெயர்ந்ததைத் தொடர்ந்து, பத்மநாபபுரத்தில் நடைபெற்று வந்த நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆனால் தெய்வங்கள் தங்கள் பழைய இருப்பிடங்களை விட்டு நிரந்தரமாக அகலவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை புறப்பட்டுச் சென்று, விழா முடிந்ததும் திரும்பி வருவது என்ற ஏற்பாடு உருவாயிற்று. இன்றுவரை அது தொடர்கிறது.

பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகள் ஊர்வலமாகச் செல்கின்றன. இந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் மரபு. யானை மீது சரஸ்வதியும், பல்லக்குகளில் மற்ற இருவரும் எழுந்தருள்வர். புறப்பாட்டுக்கு முன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றித் தரப்படும். இந்நிகழ்வில் கேரள அமைச்சர்களும் இரு மாநில அதிகாரிகளும் பங்கேற்கின்றனர்.

முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளை எல்லையில் கேரளத்தின் சார்பில் வரவேற்பும் காவல் துறையின் அணிவகுப்பு மரியாதையும் அளிக்கப்படுகின்றன. பிறகு பாறசாலை வழியாகச் சென்று, இரண்டாம் நாள் இரவு நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கி, மூன்றாம் நாள் ஊர்வலம் திருவனந்தபுரத்தை அடைகிறது. வழிநெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு ஏற்றி மக்கள் காத்திருப்பர். நெடுஞ்சாலைப் போக்குவரத்து அன்று யானையின் நடைக்கு ஏற்பவே நகரும். அவசர வேலையாகத் தலைநகர் செல்வோர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

திருவனந்தபுரத்தில் சரஸ்வதி கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், முருகன் ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் எழுந்தருள்கின்றனர். ஒன்பது மாலைகளிலும் மண்டபத்தில் சுவாதித் திருநாள் மன்னரின் நவராத்திரிக் கிருதிகள் பாடப்படும். இந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டில் அந்தத் தடையைக் கடந்து முதன்முதலாக அங்கே பாடிய பெண், ஊர்வலம் கடந்துவரும் இதே எல்லைக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய பாறசாலை பி. பொன்னம்மாள். தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்த அவருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021இல் காலமானார். பாறசாலை என்றதும் கர்நாடக இசை ரசிகர்களுக்கு நினைவுக்கு வரும் முதல் பெயர் அவருடையதே.

விஜயதசமிக்குப் பின் ஒரு நாள் ஓய்வு. அதன் பிறகு திருமேனிகள் வந்த வழியே திரும்புகின்றன. திரும்பும் பயணத்தில் கூட்டம் குறைவு என்பதால், அருகில் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு அதுவே ஏற்றது.

நெய்யாற்றின்கரை: பலாமரத்தின் பொந்தில் ஓர் அரசு

நெய்யாற்றின்கரை நகரின் நடுவே அமைந்துள்ள ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில், திருவிதாங்கூர் வரலாற்றின் தொடக்கத்தோடு பிணைக்கப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729–1758) அரியணை ஏறுவதற்கு முன், எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நிலப்பிரபுக்களால் துரத்தப்பட்டபோது இங்கிருந்த பெரிய பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபு. ஒளிந்துகொள்ளுமாறு வழிகாட்டிய சிறுவன் கண்ணனே என்று கருதிய மன்னர், பின்னாளில் இங்கே கோயில் எழுப்பியதாகக் கூறப்படுகிறது. 'அம்மச்சி பிலாவு' என அழைக்கப்படும் அந்த மரத்தின் எஞ்சிய அடிப்பகுதி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய பாலகிருஷ்ணனே மூலவர். வெண்ணெய் நிவேதனமே முதன்மையான வேண்டுதல்.

இந்த வரலாற்றின் மறுபக்கம் எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. பொந்தில் ஒளிந்த அதே மன்னர் 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். சிறைபிடிக்கப்பட்ட அதிகாரி டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியானார். பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் 1777இல் மறைந்த அவரது கல்லறை உள்ளது. அதில் லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர் ஒருவருக்குத் திருவிதாங்கூர் மண்ணில் அமைந்த நினைவுச்சின்னத்தில் தமிழ் இடம்பெற்றிருப்பது அன்றைய தென்திருவிதாங்கூரின் மொழிநிலைக்குச் சான்றாக நிற்கிறது.

நெய்யாற்றின்கரைக்கு அரசை எதிர்த்தவர்களின் வரலாறும் உண்டு. 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் இங்கே பிறந்தவர். திவானின் ஆட்சியைக் கடுமையாகச் சாடியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று அவரது அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, அவர் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுவிடப்பட்ட அவர், தாய்மண்ணுக்குத் திரும்பாமலேயே 1916இல் கண்ணூரில் இறந்தார். 1938 ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பாட்சி கோரி நடந்த போராட்டத்தின்போது நெய்யாற்றின்கரையில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். மன்னர் ஒளிந்த மரத்தைப் பார்க்க வருவோர் இவ்விரு நிகழ்வுகளையும் அறிந்து வந்தால் ஊர் வேறாகத் தெரியும்.

அருவிப்புரம்

நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நெய்யாற்றின் கரையில் பாறைகளுக்கிடையே அமைந்துள்ளது அருவிப்புரம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி அன்று ஸ்ரீநாராயண குரு, ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம் இது. பிரதிஷ்டை செய்யும் உரிமை ஒரு சாதிக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட காலத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த துறவி செய்த இச்செயல் கேரளத்தின் சமூக வரலாற்றையே திருப்பியது. சாதிபேதமும் மதப்பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் இது என்ற பொருளில் குரு எழுதிய வாசகம் இங்கே பொறிக்கப்பட்டுள்ளது. இங்கு உருவான கோயில் அமைப்பிலிருந்தே 1903இல் எஸ்.என்.டி.பி. யோகம் தோன்றியது.

தமிழ் வாசகர்களுக்கு அருவிப்புரம் அந்நியமான இடம் அன்று. குரு தவமிருந்த மருத்துவாமலைக் குகை கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அவர் தமிழில் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்தவர். மழைக்காலத்தில் ஆற்றில் நீர்ப்பெருக்கு மிகுதியாக இருக்கும் என்பதால் பாறைகளின் மீது இறங்கும்போது எச்சரிக்கை தேவை.

சமூக விடுதலை வரலாற்றில் ஆர்வமுள்ளோர் இதே வட்டாரத்தில் வெங்ஙானூரையும் ஊரூட்டம்பலத்தையும் காணலாம். அய்யன்காளி 1863இல் வெங்ஙானூரில் பிறந்தார். பொதுச்சாலையில் செல்ல ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலத்தில் 1893இல் வில்வண்டியில் ஏறிச் சென்று அந்தத் தடையை உடைத்தவர் அவர். பஞ்சமி என்ற தலித் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் மேற்கொண்ட முயற்சி, பள்ளிக்கே தீ வைக்கப்படும் அளவுக்கு எதிர்ப்பைக் கிளப்பியது. அப்பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பாறசாலையும் செங்கலும்

கேரளத்தின் தென்கோடி ரயில் நிலையமான பாறசாலை, 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதையில் அமைந்துள்ளது. பழமையான மகாதேவர் கோயில் ஊரின் அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கம் இங்கே நிலையம் அமைத்துப் பள்ளிகளையும் தேவாலயங்களையும் நிறுவியது. அதன் தொடர்ச்சியான தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள், லத்தீன் கத்தோலிக்கரின் நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் (1996), சீரோ மலங்கரை கத்தோலிக்கரின் பாறசாலை மறைமாவட்டம் (2017) என மூன்று கிறிஸ்தவ மரபுகள் சில கிலோமீட்டருக்குள் சந்திக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சாலையில் பயணம் செய்வோருக்கு இது விளக்கமின்றியே புரியும்.

உதியன்குளங்கரைக்கு அருகே செங்கலில் உள்ள மகேஸ்வரம் சிவபார்வதி கோயில் அண்மைக்காலத்தில் பெரும் கூட்டத்தை ஈர்க்கிறது. இங்கே 111.2 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட சிவலிங்க வடிவக் கட்டடம் 2019இல் திறக்கப்பட்டது. பக்தர்கள் அதன் உள்ளே நிலை நிலையாக ஏறிச் சென்று வழிபடலாம். பழமையைத் தேடி வருவோரை இது ஏமாற்றக்கூடும். எனினும் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் அதிகம் பேசிக்கொண்டு திரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

பாலராமபுரம்: தறியின் ஊர்

மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) அரண்மனைக்குத் தேவையான நுண்ணிய துணிகளை நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் உருவான அந்தக் குடியிருப்பே மன்னரின் பெயரால் பாலராமபுரம் ஆயிற்று. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என வகுக்கப்பட்ட சாலியர் தெருக்களில் குழித்தறிகளை இன்றும் காணலாம். நெசவாளர் தரைக்குழியில் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்கி, நாடாவைக் கையால் வீசி நெய்கிறார். துணியின் இருபுறமும் ஒரே தோற்றத்தில் அமைவதும், சரிகைக் கரையின் நேர்த்தியுமே பாலராமபுரம் சேலையின் தனித்தன்மை. இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

விசைத்தறித் துணிகள் ஓணக்காலச் சந்தையில் குறைந்த விலைக்குக் குவிவதால் கைத்தறி நெசவாளரின் நிலை நெருக்கடியில் உள்ளது. அடுத்த தலைமுறை தறியில் அமர முன்வருவதில்லை. சேலை வாங்க விரும்புவோர் நெடுஞ்சாலைக் கடைகளோடு நின்றுவிடாமல், கூட்டுறவுச் சங்கங்களிலோ தெருக்களுக்குள் நெசவாளரிடமோ கேட்டு, கைத்தறி முத்திரையைச் சரிபார்த்து வாங்குவது இரு தரப்புக்கும் பயனளிக்கும்.

ஆறும் கால்வாயும் கடலும்

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு பூவாற்றில் கடலில் கலக்கிறது. ஆறும் கடலும் மணல்திட்டும் சேரும் பூவாற்று முகத்துவாரத்தில் படகுச் சவாரி புகழ்பெற்றது. படகுக் கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. இங்கிருந்து தெற்கே செல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கும் நோக்கில் 1860இல் தொடங்கப்பட்டது. மண்டைக்காடு வரை வெட்டப்பட்டு நின்றுபோன அக்கால்வாய், இன்று பல இடங்களில் தூர்ந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. அதுவும் எல்லையைக் கடந்து செல்லும் ஒரு பாதைதான்.

ஆற்று நீர் அவ்வாறு கடப்பதில்லை. 1958இல் கட்டப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் தரும் வகையில் அமைக்கப்பட்டது. 2004 முதல் தமிழ்நாட்டுப் பகுதிக்கான நீர் நிறுத்தப்பட்டது. இது குறித்துத் தமிழ்நாடு அரசு 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அணைப் பூங்காவுக்குச் செல்லும் பயணிகள் அறியாத இந்தப் பிரச்சினை, எல்லைக்குத் தெற்கே உள்ள உழவர்களுக்கு அன்றாடப் பேச்சு.

கடலோரமாக வடக்கே சென்றால் விழிஞம். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசத் துறைமுகத்தால் இந்தப் பெயர் இப்போது எங்கும் கேட்கிறது. ஆய் மன்னர்களின் தலைநகராகவும், பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்த துறைமுகமாகவும் இருந்த பழைய விழிஞத்தின் எச்சமாக, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி. வெளிப்பாறையில் ஒருபுறம் திரிபுராந்தகரும் மறுபுறம் ஆடும் சிவனும் செதுக்கி முடிக்கப்படாத நிலையில் நிற்கின்றனர். அளவில் மிகச் சிறியது. மாமல்லபுரத்தை மனத்தில் கொண்டு வருவோர் இதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஆய் மரபின் இன்னொரு முக்கியச் சுவடு எல்லைக்கு அப்பால், முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் இருக்கிறது. மன்னர் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866இல் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று இங்கே விஷ்ணு கோயிலையும், 95 மாணவர்கள் தங்கிப் பயிலும் சாலையையும் நிறுவினார். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தக் கல்வி நிலையத்தின் விதிகளைத் தெரிவிக்கும் செப்பேடுகள், திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்தில் இருந்ததால் 'ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள்' என்று அறியப்படுகின்றன. கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

எப்படிச் செல்வது?

நாகர்கோவில்–திருவனந்தபுரம் இடையேயான பயணிகள் ரயில்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நிலையங்களில் நின்று செல்கின்றன. விரைவு ரயில்கள் அனைத்தும் இங்கு நிற்பதில்லை. களியக்காவிளை வரை தமிழ்நாடு அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் கிடைக்கும். அருவிப்புரம், விழிஞம், பூவாறு ஆகிய இடங்களை ஒரே நாளில் காண நெய்யாற்றின்கரையிலிருந்து வாடகை வாகனம் அமர்த்துவதே எளிது.

பெரும்பாலான கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டே சன்னிதிக்குள் செல்ல வேண்டும். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் கோயில்களைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, பிற்பகலைப் பாலராமபுரத்துக்கும் கடற்கரைக்கும் ஒதுக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துக்கொள்வோர் திங்கள்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று அரண்மனைக்கு விடுமுறை.